கடைவாய்ப்பல்லுக்குள் உயிர்

உதடு எங்கே போயிற்று என்று ராக்கியண்ணன் நாக்கை விட்டுத் துழாவினார். நாக்கும் பாதிதான் கிடைத்தது. இடது பக்கம் முழுக்க ஈரச் சாக்கை மடித்துத் திணித்தது போலக் கனத்துக் கிடந்தது; வலது பக்கம் மட்டும் தன் பாட்டுக்கு எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தது. 'இன்னும் பத்து நிமிஷம் ஆகட்டும் ஐயா, நல்லா மரத்துரும்' என்று சொல்லிவிட்டு அந்த டாக்டர் பெண் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். ஜெனிட்டா என்று பெயர், நாகர்கோவில் பக்கம், டாக்டருக்குப் படித்து முடித்தும் இன்னும் மேலே படிக்கிறாளாம். பல் கல்லூரியின் அந்த நீள ஹாலில் பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு விளக்கு, வாயைப் பிளந்துகொண்டு பன்னிரண்டு பேர். மல்லாக்கப் படுத்திருந்த அவர் வயிற்றின் மேல் ஒரு அட்டை, அட்டையில் செருகிய படிவம், அதன்மேல் ஒரு பேனா. மூச்சு விட விட அட்டை ஏறியது, இறங்கியது. கையெழுத்துப் போட்டால், பிடுங்குகிற பல் ஐஸ் பெட்டிக்குள் இருக்கிற ரோஸ் நிறத் தண்ணீர்ப் பாட்டிலில் ஆராய்ச்சிக்குப் போகும். போடாவிட்டால் ரத்தப் பஞ்சோடு பஞ்சாக மஞ்சள் பைக்குப் போகும். 'உங்க இஷ்டம்தான். நான் கட்டாயப்படுத்தக் கூடாது. ஊசிக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுட்டேன், இனிமே கேக்க மாட்டேன். ஆனா பல்லு வெளிய வந்ததும் சொல்லிரணும் ஐயா, காய்ஞ்சா உள்ள இருக்கிறது செத்துரும்.' செத்துவிடுமாம். பல்லுக்கு ஒரு சாவு. கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள் தங்கச்சி பாவாயி. துணைக்கு ஆள் இல்லாமல் பல்லைத் தொட மாட்டோம் என்றார்கள். மகன் திருப்பூரில் லீவு இல்லை என்றான். வீட்டுக்காரி போய் ஆறு வருஷம் ஆயிற்று. மிச்சம் இவள்தான். வந்ததிலிருந்து அதே பேச்சு. 'ஏனுங்ணா, போட்டுக் குடுத்தா கொறஞ்சா போயிருவீங்க? உங்ககிட்ட இருக்கறதுலயே அதொண்ணுதான் சமாதானம் பண்ற சாமானாம். அதையும் குப்பைல போடறேங்கறீங்களே.' அவர் 'கம்முனு இரு' என்றார். பாதி வாயில் அது வேறு ஏதோ பாஷையாக வந்தது. பாவாயி சிரித்தாள்.

போன வாரம் முதல் தடவை வந்தபோதே ஆரம்பித்தது இந்த வம்பு. பல் சாய்ந்து முளைத்து பக்கத்துப் பல்லையும் அரிக்கிறது, எடுத்தாக வேண்டும் என்று ஜெனிட்டா சொல்லிவிட்டு, உயிர் இருக்கிறதா பார்க்கிறேன் என்று பஞ்சில் எதையோ பீச்சி அந்தப் பல்லின் மேல் வைத்தாள். மண்டை உச்சிவரை குளிர் குத்தி ஏற, அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அந்தப் பெண் முகத்தில் ஒரு சந்தோஷம். 'அறுபத்து நாலு வயசுக்கு இவ்வளவு உயிரோட ஒரு கடைவாய்ப்பல் கெடைக்கிறது கஷ்டம் ஐயா.' அப்புறம்தான் பொறுமையாகச் சொன்னாள். பல்லுக்கு நடுவில் கூழ் மாதிரி ஒன்று இருக்கிறது. அந்தக் கூழில் ஸ்டெம் செல் என்று சிலது, தமிழில் குருத்து என்பார்களாம், எது வேண்டுமானாலும் ஆகக்கூடிய இளசு. ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள் காவல்காரர்கள்; கிருமி வந்தால் அடிக்கும். சில பேருக்கு அந்தக் காவல் புத்தி மாறி சொந்த உடம்பையே அடிக்கும். பாவாயியின் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள் அதை. ஒன்பது வருஷமாக முடக்குவாதம். விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, காற்றடித்த சோளத்தட்டு மாதிரி. வெளியிலிருந்து எந்தக் கிருமியும் வரவில்லை, உங்க மூட்டை உங்க ரத்தமே திருடன்னு நெனைச்சுக்கிட்டு இருக்குது அம்மா, என்றாள். பல்லுக்குள்ளே இருக்கிற குருத்தை அந்தக் காவலோடு ஒரே கிண்ணத்தில் விட்டால், அது யாரையும் கொல்லுவதில்லையாம். சண்டைக்காரன் மேலும் மேலும் பெருகாமல் நிறுத்துமாம். அடக்கி வைக்கிற இன்னொரு வகைக் காவலைத் தட்டி எழுப்புமாம். வேறு ஆள் உடம்பில் போட்டாலும் அன்னியம் என்று சட்டெனக் கண்டுபிடிக்க முடியாதாம். சும்மா கிடக்கிறபோது ஒன்றும் செய்யாது, சண்டை வாடை பட்டால்தான் வேலையை ஆரம்பிக்கும் என்றாள். இதெல்லாம் இளவட்டப் பல்லில். வயசான பல் எப்படி என்றுதான் பார்க்க வேண்டும். வயசான குருத்து சிலது சமாதானம் செய்வதை விட்டுவிட்டு, எரிச்சலைக் கிளப்புகிற சரக்கை அதுவே கசியவிடுமாம். 'தூண்டி விட்டுரும் ஐயா. ரெண்டும் நடக்கலாம். அதனாலதான் டெஸ்ட்டே.' இது மருந்து இல்லை, பாவாயிக்கு இதனால் இப்போது ஒரு பலனும் இல்லை என்றும் இரண்டு தடவை சொன்னாள். எதிரில் வைத்துப் பார்க்க முடக்குவாதக்காரர் ஒருத்தர் ரத்தம் வேண்டும் என்றாள். பாவாயி உடனே சேலை முந்தியை ஒதுக்கிக் கையை நீட்டிவிட்டாள். 'என்ற ரத்தத்தை எடுத்துக்குங்க. எங்கண்ணன் பல்லும் என்ற ரத்தமும் ஒரு கிண்ணத்துல கெடந்தா என்ன பண்ணுதுன்னு நானும் பாக்கோணும்.' அண்ணன் கையெழுத்துப் போட்டால்தான் தங்கச்சியிடம் எடுப்போம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் இன்றைக்கு அவள் தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சேலை கட்டி வந்திருக்கிறாள்.

சமாதானம். அந்த வார்த்தையே பிடிக்கவில்லை அவருக்கு. இருபத்தேழு வருஷமாக ஊரில் ஒருத்தன் விடாமல் அதைத்தான் கொண்டுவந்து நீட்டினான். இப்போது பல்லுக்குள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. தன் வாயில், தன் சோற்றைத் தின்றுகொண்டு, தனக்குத் தெரியாமல். அதைவிட அந்தப் பெண் சொன்ன இன்னொன்று பிடித்திருந்தது. ரத்தத்துக்கு ஞாபகம் உண்டாம். இடது புஜத்தில் காலணா அகலத்துக்குத் தழும்பு இருக்கிறதே, அம்மைக்குக் குத்தியது; மூணாம் வகுப்பு முடிக்கும் முன்னால் குத்தினார்கள், அத்தோடு பள்ளிக்கூடமும் முடிந்தது. அன்றைக்குக் காட்டிய அம்மைக் கிருமியின் முகத்தை ரத்தம் இத்தனை வருஷம் கழித்தும் வைத்திருக்குமாம். வாத்தியார் சொல்லிக்கொடுத்த ஒன்றையும் மண்டை வைத்திருக்கவில்லை, ரத்தம் வைத்திருக்கிறது. அதற்குப் பேர் எதிர்ப்பு சக்தி, டாக்டர்கள் மெச்சுகிறார்கள். மனுஷன் இருபத்தேழு வருஷம் வைத்திருந்தால் மட்டும் வீம்பு என்கிறார்கள். எந்த ஊர் நியாயம் அது. மறக்கிற மாதிரியா செய்தான் அவன்? அவன் என்றால் குழந்தைவேலு, பாவாயி வீட்டுக்காரன். மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிட்ட காலம் உண்டு. அப்புறம் 'உன்ற ஊட்டுக்காரன்' ஆனான். பேரைச் சொல்வதே இல்லை. திருச்செங்கோட்டு வண்டி, ஆழ்துளை போடுகிற ரிக் வண்டி, மத்தியப் பிரதேசத்தில் ஒரு கரிசல் காடு. அவன் மேனேஜர், இவர் துளை போடுகிற டிரில்லர். மேல்மண் பொதுபொதுவென்று இருந்தது. மண் சரியாமல் தாங்குகிற கேசிங் பைப் நூறு அடி இறக்கினால்தான் நிற்கும் என்று இவர் சொன்னார். அறுபது போதும், அடுத்த பாயிண்ட்டுக்கு வேணும் என்றான் அவன். இருநூற்று நாற்பது அடியில் மண் சரிந்து துளைக்கிற ராடும் ஹேமரும் உள்ளேயே மாட்டிக்கொண்டன. வண்டி முதலாளி ஜீப்பில் வந்து இறங்கினார். ஊரே கூடி நின்றது. எப்படிடா ஆச்சு என்ற கேள்விக்கு அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. 'லீவரைப் பிடிச்சிட்டே தூங்கிட்டாருங்க' என்றான். சொன்னதோடு விடவில்லை, முதலாளி கண்ணுக்கு வேலைக்காரனாகத் தெரிய வேண்டும் என்று, எட்டி வந்து இடது தாடையில் ஒன்று வைத்தான். கட்டிக்கொடுத்த தங்கச்சியின் புருஷன், பாஷை தெரியாத சனத்துக்கு முன்னால். அந்தச் சனத்துக்குப் பேச்சு புரியவில்லை, அறை புரிந்தது. தூங்கவில்லை. இருபது மணி நேரம் நின்றுகொண்டிருந்தார், மாற்று டிரில்லருக்குக் காய்ச்சல், ஆனாலும் தூங்கவில்லை. கண்ணில் கல்தூசு விழுந்து ஒரு தடவை மூடியிருக்கலாம். எல்லாருக்கும் மூடும். ஒரு நொடி. ஒரு நொடிகூட இருக்காது. கேசிங் இல்லாமல் மண் சரிந்ததற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? இதை எத்தனை ராத்திரி பிரித்துப் பார்த்திருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு நொடியில் போய் முட்டும், திரும்பும். திருச்செங்கோட்டு வண்டிப் பட்டறைகளில் அதற்கப்புறம் அவருக்குத் 'தூங்கி ராக்கி' என்று பெயர். வேறு வண்டியில் ஏறி இருபது வருஷம் ஓட்டினார். பத்து லட்சம் அடி போட்டிருப்பார், பன்னிரண்டே இருக்கும், ஒரு ராடு விட்டதில்லை. பெயர் போகவில்லை.

அட்டை வயிற்றில் ஏறி இறங்கியது. பாவாயி இரண்டு கையாலும் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்து, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்துகொண்டிருந்தாள். விரல் பிடி கொடுக்காது. எழுந்து திறந்து கொடுக்கலாம் என்று தோன்றியது, எழ விடுவார்களோ என்னவோ, அதற்குள் அவளே திறந்துவிட்டாள். இவள் எதற்கு இப்படி ஆனாள்? ஒன்பது வருஷம் என்றால் அவள் மகள் தேன்மொழி கல்யாணத்துக்கு அடுத்த வருஷம். தேன்மொழி கல்யாணம். வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம். அந்தப் பெண் டாக்டர் இன்னும் வரவில்லையே, பத்து நிமிஷம் ஆகியிருக்குமே. காது மடல் வரைக்கும் மரத்துவிட்டது, கன்னத்தைக் கிள்ளினால் அடுத்தவன் கன்னம் மாதிரி இருக்கிறது. இதயத்துக்கு ஏதும் ஆகிவிடுமோ? ஊசி மருந்து இறங்கியதும் படபடவென்று அடித்ததே. பல் உடைந்து தொண்டைக்குள் விழுந்தால்? போன மாசம் யாருக்கோ விழுந்ததாம், டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கல்யாணத்தன்றைக்குக் காலையில் நாலு மணிக்கே குளித்துவிட்டார். புது வேட்டி கட்டிக்கொண்டார். பெண்ணுக்குத் தாய்மாமன், பாவாயிக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருத்தர்தான். தாய்மாமன் வந்து நின்று சீர் செய்யாமல் பெண்ணை மணவறையில் உட்கார வைக்க மாட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்தார். ஆறு மணி பஸ் போகிற சத்தம் கேட்டது. ஏழு மணி பஸ். மண்டப வாசலில் அவன் நிற்பான், வாங்க என்று கை கூப்புவான், எல்லாரும் பார்ப்பார்கள், தூங்கி வந்துட்டாரப்பா என்று எவனாவது சொல்வான். எட்டு மணி பஸ்ஸும் போயிற்று. பாவாயி முகூர்த்தம் நெருங்குகிற வரைக்கும் வாசலைவிட்டு உள்ளே வரவில்லையாம். அப்புறம் பங்காளி முறையில் ஒருத்தனைத் தாய்மாமனாக நிறுத்தினார்கள். அவள் அதைப்பற்றி இன்றுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். பதில் இருந்தது, இருக்கிறது. அடித்தவனுக்குக் கொடுத்த தண்டனை அது. அடித்தவன் பந்தியில் நின்று சிரித்துச் சிரித்துப் பரிமாறினானாம். அப்படியானால் அது யார் மேல் விழுந்தது? சொந்த மூட்டையே திருடன் என்று நினைத்துக்கொண்டு. ச்சே. அதுவும் இதுவும் ஒன்றா. அது வியாதி. இது மானம். அந்தப் பெண் படித்தவள், ஏதோ கதையாகச் சொல்லிப் புரியவைத்தாள். அதை எடுத்து வந்து வீட்டு விஷயத்தில் ஒட்டினால் எப்படி. ஆனால் அது மனசில் ஒட்டிக்கொண்டது, பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி. நாக்கால் தள்ளலாம் என்றால் நாக்கு பாதிதான் இருக்கிறது. சரி, போட்டுத்தான் கொடுப்போம் என்றே வைத்துக்கொள்வோம். மூணு மாசம் கழித்து என்ன எழுதி வரும்? தூண்டிவிடுகிற பல் என்று வந்தால்? பாவாயி ரத்தத்தை இவருடைய பல் இன்னும் கிளறிவிட்டது என்று காகிதத்தில் அச்சாகி வந்தால்? இருபத்தேழு வருஷத்தில் அவனுக்கு அதைவிட ஒரு விருந்து கிடைக்காது. பட்டறை பட்டறையாகப் போய்ச் சொல்லுவான், பாருங்கப்பா, பல்லுக்குள்ளேயே வம்புதான் இருக்குதாம், ஆஸ்பத்திரியிலயே எழுதிக் குடுத்துட்டாங்க. மஞ்சள் பைதான் சரி. குப்பைக்குப் போன பல்லை யாரும் படிக்க முடியாது. அடக்குகிற பல் என்று வந்துவிட்டால்? அது இன்னும் மோசம். இத்தனை வருஷம் உள்ளே அப்படி ஒன்று இருந்தும் நீ ஏன் வரவில்லை என்று ஒருத்தி கேட்கலாம். கேட்கமாட்டாள். கேட்காமலே உட்கார்ந்திருப்பாள்.

விளக்கின் வெளிச்சம் இமை வழியாகச் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. 'என்னய்யா, தூங்கிட்டீங்களா?' என்று ஜெனிட்டாவின் குரல் தலைக்கு மேலே கேட்டது. ராக்கியண்ணன் கண்ணைத் திறந்த வேகத்தில் அவள் ஒரு அடி பின்னால் போனாள். இல்லை என்று சொன்னார். மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவை விரலை ஆட்டிச் சொன்னார். 'சரிங்கய்யா, சரி, தூங்கலை' என்றாள் அவள். பாவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவர் பார்த்தார். அதற்கப்புறம் அவர் கண்ணை மூடவில்லை. கண்ணை மூடிக்குங்கய்யா, லைட்டு கூசும் என்றபோதும் மூடவில்லை. தண்ணீர் தெறித்தது, கண்ணில் நீர் கட்டிக் காது வரைக்கும் வழிந்தது, மூடவில்லை. மெஷின் கீச்சென்று ஆரம்பித்து எலும்பில் உட்கார்ந்தது. வலி இல்லை, அதிர்வு மட்டும், கபாலத்தின் உள்ளேயே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்தது போல. பயத்தை அவர் காதுக்குத் தள்ளினார். காது அவருடைய தொழில். சத்தம் மெலிசாகிக் கனத்தது. கெட்டிப் பாறையில் இருக்கிறாள். இப்போது அழுத்தத்தைக் குறைக்கிறாள், சூடாகாமல் தண்ணீர் விடுகிறாள். பரவாயில்லை, கை தெரிந்த கைதான். இந்த இடத்தில் அவசரப்படுகிறவன் ராடை விடுவான். அவள் அவசரப்படவில்லை. நிறுத்தி, எடுத்து, பார்த்து, மறுபடி வைத்தாள். பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த பெரிய டாக்டர், 'ரெண்டாக் கட் பண்ணிட்டா சீக்கிரம் வந்துருமேம்மா' என்றார். 'கட் பண்ணா சூடு பட்டு உள்ள இருக்கிறது போயிரும் சார். அவரு இன்னும் வேணாம்னு சொல்லலை' என்றாள் அவள். வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு இத்தனை நேரம் சுற்றிச் சுற்றி வேலை செய்கிறாள், கட்டாயம் பண்ணாமல், கேட்காமல். கேசிங்கை அறுபதோடு நிறுத்தச் சொல்கிற ஆள் இல்லை இவள். இடுக்கி உள்ளே போயிற்று. தாடை முழுவதும் கழுத்தோடு கழன்று வருகிற மாதிரி ஒரு இழுப்பு, ஒரு திருகல், எங்கோ தூரத்தில் நனைந்த சுள்ளி முறிகிற சத்தம். அவர் விளக்கையே பார்த்தார். கண்ணுக்குள் கறுப்பாக வட்டங்கள் மிதந்தன. ஒரு நொடி. எத்தனை நொடி வேண்டும் என்றாலும் எண்ணிப் பாருங்கள் என்று யாரிடமோ சொன்னார், உள்ளுக்குள், முழு வாயால்.

'வந்துருச்சு' என்றாள் ஜெனிட்டா. தட்டில் கிடந்தது. இத்தனை சின்னதா? வேர் இரண்டும் கொக்கி மாதிரி வளைந்து, மேலே மஞ்சள், அடியில் வெளுப்பு, ரத்தம் ஒட்டிக்கொண்டு முழுசாக. உள்ளே உயிர் இருக்கிறதாம், பார்த்தால் தெரியவில்லை. அவள் பஞ்சை வைத்து, நல்லாக் கடிச்சுக்குங்க என்றாள். படிவத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு மஞ்சள் பைப் பக்கம் திரும்பினாள். ராக்கியண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். மறு கையால் அட்டையை நிமிர்த்தி, பேனாவை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக, இனிஷியலோடு, லைசென்ஸில் போடுகிற முழுக் கையெழுத்தைப் போட்டார். அதுவரைக்கும் தட்டு அந்தரத்தில் நின்றது. பிறகு பல் ரோஸ் நிறத் தண்ணீருக்குள் ஒரு சின்னக் குமிழி விட்டுக்கொண்டு இறங்கியது. முடிவு உங்களுக்குத் தெரியணுமா என்று கீழே இரண்டு கட்டம் இருந்தது. ஆம் என்ற கட்டத்தில் தாள் கிழிகிற மாதிரி ஒரு குறி போட்டார்.

பாவாயி எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அவர் பஞ்சைக் கடித்துக்கொண்டே பேசினார். 'சமாதானத்துக்குன்னு குடுக்கலை.'

'தெரியுமுங்ணா.'

'முடிவு வந்தா உன்ற ஊட்டுக்காரங்கிட்டச் சொல்லு.'

'என்னன்னு சொல்றது?'

'எது வருதோ அது. தூண்டி உடற பல்லுன்னு வந்தாலும் சொல்லு. எனக்கு ஒண்ணும் பயமில்லை. நல்லதுன்னு வந்தாலும் அவன் ஊட்டுப் படி ஏற மாட்டேன்னு சேத்திச் சொல்லு.'

'ஏறாதீங்க. அவரும் அதையேதான் சொல்லீட்டிருக்கறாரு, இங்க வந்து ஏறக் கூடாதுன்னு. ரெண்டு பேரும் நல்லாச் சொல்லுங்க. நடுவுல ரத்தம் குடுக்க நா இருக்கறேன்' என்றாள் பாவாயி. ஊசிக்குழாயோடு வந்த லேப் பெண்ணிடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முந்தியை ஒதுக்கிக் கையை நீட்டினாள்.

'நேரா நீட்டுங்கம்மா, நரம்பு தெரியலை' என்றாள் லேப் பெண்.

'இதுதாங்கண்ணு நேரு. இதுக்கு மேல போகாது.'

முழங்கை பாதி மடக்கிலேயே நின்றது. கீழே தாங்க ஒன்றும் இல்லாமல் அந்தரத்தில் நடுங்கியது. ராக்கியண்ணன் நாற்காலியிலிருந்து காலைத் தொங்கப்போட்டு எழுந்து உட்கார்ந்தார். தலை சுற்றியது. படுங்கய்யா, படுங்க என்றாள் ஜெனிட்டா. அவர் படுக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து தங்கச்சி முழங்கைக்கு அடியில் கொடுத்தார். எவ்வளவு லேசாக இருந்தது அந்தக் கை. ஊசி இறங்கியது, குழாயில் ரத்தம் ஏறியது, அவர் வாயோரம் எச்சிலும் ரத்தமுமாக வழிந்து புதுச் சட்டையில் சொட்டியது. துடைக்க ஒரு கை வேண்டும். அவர் எடுக்கவில்லை.

'இப்பவாவது வந்தீங்களே' என்றாள் பாவாயி, குழாயைப் பார்த்துக்கொண்டு.

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. பத்து வருஷமாகத் தயாராக வைத்திருந்த பதில். பஞ்சை இன்னும் அழுத்திக் கடித்துக்கொண்டு, கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.